கணினி வாங்கினால் போதுமா?

நமது சங்கங்களில் அண்மைக் காலமாக ஒரு வழக்கம் காணப்படுகிறது. சங்கத்திற்குக் கணினி வந்து இறங்கும் நாள் ஒரு விழா நாளாகவே கொண்டாடப்படுகிறது. யந்திரத்திற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சாத்தி, தலைவர் பொத்தானை அழுத்த, அங்கத்தினர்கள் கைதட்டி மகிழ்கின்றனர். இதில் குறை கூற ஒன்றுமில்லை. ஆனால் அந்த யந்திரம் ஐந்தாம் ஆண்டில் எந்நிலையில் இருக்கும், அதில் பதியப்பட்ட கணக்கு பத்தாம் ஆண்டில் எவர் கையில் இருக்கும் என்று அவ்விழாவில் எவரும் கேட்பதில்லை. அக்கேள்வியைக் கேட்கும் உரிமையும் கடமையும் அங்கத்தினர்களுக்கு உண்டு என்பதை எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

நாம் கண்ட ஒரு காட்சி

சில ஆண்டுகளுக்கு முன்னர் நெசவாளர் சங்கம் ஒன்றிற்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தோம். சங்கத்தின் வாயிலில் ஓர் அம்மையார் அமர்ந்திருந்தார். அவருடைய கணவர் அச்சங்கத்திற்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் தறி நெய்து, முந்திய மாதம் காலமானவர். கூலியில் மாதந்தோறும் பிடித்தம் செய்யப்பட்ட சேமநிதியைப் பெறுவதற்காக அவ்வம்மையார் அன்று மூன்றாம் முறையாக வந்திருந்தார். “யந்திரம் பழுதாகிவிட்டதம்மா, சரியானதும் சொல்லி அனுப்புகிறோம்” என்றார் எழுத்தர். அதற்கு அவர், “தறிதானே தம்பி உடைந்தது, பாவும் சேர்ந்தா போய்விட்டது?” என்று கேட்டார். எழுத்தரிடம் பதில் இல்லை. நம்மிடமும் அப்பொழுது பதில் இல்லை.

விசாரித்ததில் தெரிய வந்தவை இவை. அக்கணினி வாங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. கணக்கு எழுதுவதற்கான மென்பொருளை அருகிலுள்ள நகரில் தனியார் ஒருவர் செய்து கொடுத்திருந்தார்; அவர் தொழிலை நிறுத்திவிட்டு ஊரைவிட்டே சென்றுவிட்டார். பராமரிப்பு ஒப்பந்தத்திற்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் செலுத்த வேண்டும். அதைச் செலுத்தாமல் மூன்று ஆண்டுகளாக நிர்வாக சபை ‘மிச்சம்’ பிடித்திருந்தது. காகிதச் செலவைக் குறைப்பதற்காகப் பேரேட்டை அச்சிட்டுக் கட்டி வைக்கும் பழக்கமும் கைவிடப்பட்டிருந்தது. எழுத்தர் மாதந்தோறும் சிறு பென் டிரைவ் ஒன்றில் பிரதி எடுத்து மேசையில் பூட்டி வைத்திருந்தார். அதைத் திறந்து பார்த்தபொழுது அதில் மென்பொருள் மட்டுமே இருந்தது, கணக்கு இல்லை. ஆண்டுக்கணக்கில் தவறான பொருளைப் பிரதி எடுத்து வந்திருக்கிறார். திறந்து பார்க்க வேண்டும் என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை.

கடைசியில், பழைய கூலிப் பட்டியல்களையும் அங்கத்தினர்களின் வீடுகளில் இருந்த பாஸ் புத்தகங்களையும் வைத்துக்கொண்டு இரண்டு எழுத்தர்கள் நான்கு மாதம் உழைத்துக் கணக்கை மீண்டும் எழுதினார்கள். பாஸ் புத்தகத்தைத் தொலைத்தவர்களின் கணக்கில் இன்றும் வழக்கு உண்டு. அம்மையாருக்கு ஐந்தாம் மாதத்தில் பணம் கிடைத்தது. மூன்று ஆண்டுகளில் சங்கம் மிச்சப்படுத்திய தொகை 18,000 ரூபாய். அதனால் ஏற்பட்ட செலவு அதனினும் பன்மடங்கு. இழந்த நம்பிக்கையை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

யந்திரத்திற்கும் ஆயுள் உண்டு

தறி வாங்கும் நெசவாளர் அதோடு கடமை தீர்ந்தது என்று இருந்துவிடுவதில்லை. நாடா தேயும், அச்சு மாற்ற வேண்டும், மழைக்காலத்தில் மரம் பருக்கும் என்பதை அறிந்து அதற்கேற்பக் கையில் காசு வைத்துக்கொள்கிறார். பம்புசெட் வாங்கும் விவசாயியும் மோட்டாரின் காயில் ஒருநாள் எரியும் என்பதை எதிர்பார்த்தே இருக்கிறார். கணினியைப் பற்றி மட்டும் இந்த எச்சரிக்கை நமக்கு இல்லாமற்போனது ஏன்? அது மூப்படைவது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே காரணம் என்று கருதுகிறோம்.

தேய்மானக் கணக்கு இதைத் தெளிவாகக் காட்டும். வருமான வரி விதிகள் பொதுவான யந்திரங்களுக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு தேய்மானம் என்றும், கணினிக்கு 40 விழுக்காடு என்றும் வகுத்தன. ஒரு லட்சம் ரூபாய் பெறுமான யந்திரத்தின் ஏட்டு மதிப்பு மூன்று ஆண்டுகள் கழித்து முதல் விகிதப்படி ஏறத்தாழ 61,400 ரூபாயாக நிற்கும். கணினியாயின் 21,600 ரூபாயாகக் குறைந்துவிடும். சட்டம் செய்தவர்கள் உணர்ந்த இவ்வுண்மையைச் சங்கத்தின் வரவு செலவுத் திட்டம் உணரவில்லை.

இன்னொரு விசித்திரமும் உண்டு. யந்திரம் பழுதின்றி ஓடிக்கொண்டிருக்கும்பொழுதே அதனுள் இருக்கும் மென்பொருள் காலாவதியாகிவிடக்கூடும். 2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10 என்னும் மென்பொருளுக்கு வழக்கமாக இலவசமாக அளிக்கப்பட்டு வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்தப்பட்டன. அதற்கு முந்திய விண்டோஸ் 7 என்பதற்கு 2020 ஜனவரி 14-ஆம் நாளே முடிவு நாள். இந்நாட்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்கப்பட்டவை. ஆனால் அவை குறித்து வைக்கப்பட்ட சங்கப் பதிவேடு ஒன்றையேனும் நாம் கண்டதில்லை.

திருத்தம் செய்யாவிடின் என்ன வரும் என்று சிலர் கேட்கலாம். 2017 மே 12-ஆம் நாள் ‘வான்னாகிரை’ என்னும் தீய மென்பொருள் உலகெங்கும் பரவிக் கணினிகளிலுள்ள கணக்குகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் பல மருத்துவமனைகளின் பணி நிலைகுலைந்தது. அத்தாக்குதலைத் தடுக்கும் திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது. உரிய காலத்தில் அதை ஏற்றியவர்கள் பிழைத்தார்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தவர்கள் அகப்பட்டார்கள்.

தறியிலிருந்து ஒரு பாடம்

நெசவாளர் அங்கத்தினர்கள் பெருமைப்படத்தக்க செய்தி ஒன்றை இங்கே கூற வேண்டும். கணினியின் மூதாதைகளுள் ஒன்று தறியே. பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டையொட்டி, துளையிட்ட அட்டைகளால் பூவேலையை நெய்யும் அமைப்பை உருவாக்கினார். நமது பட்டுத் தறிகளின் மேலே இன்றும் தொங்குவது அவ்வமைப்பே. அதைக் கண்ட பாபேஜ் என்னும் ஆங்கில அறிஞர் தாம் திட்டமிட்ட கணக்கு யந்திரத்திற்கும் அத்தகைய அட்டைகளையே பயன்படுத்த எண்ணினார்.

ஜக்கார்டுத் தறியில் பூவேலை இருப்பது அட்டைக் கட்டிலேயன்றித் தறியில் அன்று. தறி முறிந்தால் அட்டையைக் கழற்றி வேறு தறியில் மாட்டலாம். ஆகவேதான் நெசவாளர் தறியைவிட அட்டையை அதிகக் கவனத்தோடு பாதுகாக்கிறார். எலியும் ஈரமும் அணுகாமல் பார்த்துக்கொள்கிறார். சங்கத்தின் கணக்கும் அத்தகையதே. கணினி தறி, கணக்கே அட்டை. யந்திரம் எத்தனை முறை மாறினும் கணக்கு மாறாமல் அடுத்த யந்திரத்திற்குச் செல்ல வேண்டும். கணக்கை யந்திரத்தோடும், யந்திரத்தை விற்றவரோடும் பிணைத்து வைத்துவிட்டால், அவர் போகும்பொழுது அதுவும் போகும். வாயிலில் அமர்ந்திருந்த அம்மையார் கேட்ட கேள்வியின் பொருள் இதுவே.

அறுபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய பேரேட்டைச் சங்க அலமாரியிலிருந்து எடுத்து இன்றும் படிக்கலாம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கணக்கு எழுதி வைத்த பிளாப்பித் தட்டைச் செருகுவதற்கு இன்றைய கணினியில் இடமே இல்லை. காகிதத்திற்குச் செல்லரிப்புப் பகை. கணினிக் கணக்கிற்குக் காலமே பகை.

மாறும் காலத்து ஆபத்து

பழைய ஏட்டிலிருந்து கணினிக்கும், பழைய கணினியிலிருந்து புதியதற்கும் மாறும் காலமே மிகுந்த ஆபத்தான காலம். ஆற்றைக் கடக்கும்பொழுது பரிசிலில் ஒரு காலும் கரையில் ஒரு காலுமாக நிற்பதைப் போன்றது அது. அவசர அவசரமாகப் பதியப்படும் பெயரில் ஓர் எழுத்து மாறலாம். சர்வே எண்ணில் ஓர் இலக்கம் விடுபடலாம். 2021 பிப்ரவரியில் நமது மாநில அரசு கூட்டுறவுச் சங்கங்களில் 16.43 லட்சம் விவசாயிகள் பெற்றிருந்த 12,110 கோடி ரூபாய் பயிர்க் கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. அத்தகைய வேளைகளில் ஒருவருடைய கடன் தீர்வதும் தீராததும் சங்கத்துக் கணக்கில் அவர் பெயர் எவ்வாறு பதியப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஓர் எழுத்தின் விலை ஒரு குடும்பத்தின் கடனாக இருக்கக்கூடும்.

யந்திரம் சொல்வதை வேதவாக்காகக் கொள்வதும் தவறு. இங்கிலாந்து அஞ்சல் துறையில் 1999 முதல் ‘ஹொரைசன்’ என்னும் கணக்கு மென்பொருள் புகுத்தப்பட்டது. கிளை அஞ்சலகங்களில் இருப்புக் குறைவதாக அது காட்டியது. அதை நம்பி அஞ்சலக நடத்துநர்கள் மீது வழக்குத் தொடரப்பட்டது. அந்த மென்பொருள் தந்த கணக்கைச் சான்றாகக் கொண்டு 2015 வரையில் 900-க்கு மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். பலர் சொத்தை இழந்தனர். பிழை மென்பொருளில் இருந்தது என்பதை 2019 டிசம்பரில் உயர்நீதிமன்றம் உறுதி செய்தது. 2024-இல் தனிச் சட்டம் இயற்றித் தண்டனைகளை நீக்க வேண்டியதாயிற்று. தணிக்கைக்குச் செல்லும் நம்மைப் போன்றோர் இச்செய்தியை ஒருநாளும் மறத்தலாகாது. ரொக்கம் குறைகிறது என்று திரை காட்டினால், காரியதரிசியைச் சந்தேகிக்கும் முன் திரையையும் சந்தேகிக்க வேண்டும். அதற்குக் கையினால் எழுதிய தினசரிப் புத்தகமும் ரசீதுப் பிரதியும் வேண்டும்.

“அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்”

“இப்பொழுது எல்லாவற்றையும் அரசாங்கமே அளிக்கிறது, நமக்கு ஏன் கவலை?” என்று நிர்வாகஸ்தர் சிலர் கேட்கின்றனர். தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்தை மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29-ஆம் நாள் ஏற்றது. தொடக்கத்தில் 63,000 சங்கங்களுக்கு ஐந்தாண்டுகளில் 2,516 கோடி ரூபாய் என்று மதிப்பிடப்பட்டது. சங்கம் ஒன்றுக்குச் சராசரி ஏறத்தாழ நான்கு லட்சம் ரூபாய். பொதுவான மென்பொருள் ஒன்றின்கீழ்ச் சங்கங்கள் வருவதால், ஊருக்கு ஒருவர் செய்து கொடுத்துவிட்டு ஓடிப்போகும் நிலை நீங்கும். இதை மனமார வரவேற்கிறோம்.

ஆயினும் ஐந்தாண்டுத் திட்டம் என்பது ஐந்தாண்டுக்கே உரியது. யந்திரம் மூப்படையத் தொடங்குவதும் ஏறத்தாழ அவ்வேளையிலேயே. அதன்பின் புதுப்பிக்கும் செலவு எவருடையது என்பதை இன்றே மகாசபை எண்ணிப் பார்க்க வேண்டும். மேலும் அத்திட்டம் கடன் சங்கங்களுக்கானது; நெசவாளர் சங்கங்கள் தமக்குரிய வழியைத் தாமே தேட வேண்டியவை.

கணக்கு எங்கோ ஒரு பெரிய நிலையத்தில் பத்திரமாக இருக்கிறது என்பதாலும் கவலை தீர்ந்துவிடாது. 2024 ஜூலை இறுதியில், சிறு வங்கிகளுக்குக் கணினிச் சேவை செய்து வந்த ஒரு நிறுவனம் தாக்குதலுக்கு உள்ளானதாக அறியப்பட்டது. உடனே அது பொதுப் பணப்பட்டுவாடா வலையிலிருந்து தற்காலிகமாகத் துண்டிக்கப்பட, ஏறத்தாழ 300 கூட்டுறவு, கிராமிய வங்கிகளின் வாடிக்கையாளர் சில நாட்கள் அல்லலுற்றனர். கணக்கு எங்கிருப்பினும், தனக்கென ஒரு பிரதி வைத்திருப்பது சங்கத்தின் கடமையே.

“இத்தனைத் தொல்லை எதற்கு? பழைய பேரேடே போதும்” என்பார் வேறு சிலர். இதையும் நாம் ஒப்பவில்லை. பேரேட்டைத் திருத்தி மோசம் செய்த கதைகளும் நமக்குத் தெரியும். வட்டிக் கணக்கு நொடியில் கிடைப்பதும், தணிக்கை விரைந்து முடிவதும் அங்கத்தினர்களுக்கு நன்மையே. கணினி வேண்டுமா என்னும் கேள்வி முடிந்துவிட்டது. அதை வாங்கிய நாளிலிருந்து கைவிடும் நாள்வரை யார் காப்பது என்பதே இன்றைய கேள்வி.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, நிதி. கணினி, அச்சுப்பொறி, யு.பி.எஸ். ஆகியவை சேர்ந்து ஒரு லட்சம் ரூபாய் என்றும், ஆயுள் ஐந்தாண்டு என்றும் கொள்வோம். மாதம் 1,667 ரூபாயைத் தனியாக ஒதுக்கி வந்தால், பழையது ஓயும் நாளில் புதியது வாங்க எவரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. பராமரிப்பு, மின்கலம் மாற்றுதல், எழுத்தர் பயிற்சி ஆகிய செலவுகள் இதற்கு மேற்பட்டவை. இவற்றை வெட்டுவது சிக்கனமன்று.

இரண்டாவதாக, ஒப்பந்தம். கணக்கு சங்கத்தின் சொத்து என்றும், ஒப்பந்தம் முடியும்பொழுது வேறு எவரும் படிக்கத்தக்க வடிவில் அது முழுவதையும் குறித்த நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்றும் எழுதாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது. தலைமைக் கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில் சங்கப் பெட்டகத்தில் இருக்க வேண்டும். ஓர் எழுத்தரின் நினைவில் மட்டும் இருத்தலாகாது.

மூன்றாவதாக, மாற்றம். புதிய முறைக்கு மாறும்பொழுது பழைய முறையையும் சில மாதங்கள் இணையாக நடத்தி, இரண்டின் கூட்டுத்தொகையும் ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும். அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் அவரவர் கணக்கை அச்சிட்டுக் கொடுத்து ஒப்புதல் கையெழுத்துப் பெறுவது மிகவும் நன்று.

நான்காவதாக, எழுத்தர்கள் ‘பேக்கப்’ என்று கூறும் காப்புப் பிரதி. அதை நாள்தோறும் எடுப்பதோடு, ஒரு பிரதியைச் சங்கக் கட்டிடத்திற்கு வெளியே வைக்க வேண்டும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை நிர்வாக சபையார் முன்னிலையில் அதை வேறொரு கணினியில் திறந்து காட்டித் தீர்மானப் புத்தகத்தில் பதிய வேண்டும். திறந்து பாராத பிரதி, முளைக்குமா என்று சோதியாத விதைக்கு ஒப்பாகும்.

ஐந்தாவதாக, பதிவேடு. யந்திரம் வாங்கிய நாள், உத்தரவாதம் முடியும் நாள், மென்பொருளின் திருத்தம் நிற்கும் நாள், பழுதுகள், பார்த்தவர் பெயர் ஆகியவற்றை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தால் போதும். ஆய்வுக்கு வருவோர் முதலில் அதைக் கேட்கட்டும்.

ஆறாவதாக, முடிவு. ஓய்ந்த கணினியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடும் வழக்கம் ஒழிய வேண்டும். அழித்துவிட்டதாகத் தோன்றும் கணக்கை வட்டிலிருந்து மீண்டும் எடுக்க முடியும். அங்கத்தினர்களின் ஆதார் எண்ணும், நகைக் கடன் விவரமும் அந்நியர் கையில் சேரும். தனிநபர் விவரங்களைப் பாதுகாப்பதற்கென்றே 2023-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. ஆகவே வட்டைத் தனியே கழற்றிச் சிதைத்த பிறகே யந்திரத்தை வெளியே அனுப்ப வேண்டும். அவ்யந்திரங்களில் ஈயம் முதலிய நஞ்சுகள் இருப்பதால், 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்திற்கே அதை அனுப்புதல் தகும்.

அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இவை யாவும் நிர்வாகஸ்தர்களின் வேலை என்று அங்கத்தினர்கள் ஒதுங்கி நிற்கலாகாது. பணம் கட்டினால் ரசீது கேளுங்கள். பாஸ் புத்தகத்தில் பதிவு கேளுங்கள். அதை வீட்டில் பத்திரமாக வையுங்கள். அடுத்த மகாசபையில் எழுந்து, “நமது கணக்கின் பிரதி எங்கே இருக்கிறது? கடைசியாக அதைத் திறந்து பார்த்தது எந்நாள்?” என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் உடனே கிடைத்தால் உங்கள் சங்கம் நல்ல கைகளில் இருக்கிறது என்று கொள்ளலாம். பதில் கிடைக்கவில்லையாயின், அன்றே ஒரு தீர்மானம் நிறைவேற்றுங்கள்.

ஒருவர் உழைத்த கணக்கு அவருக்குப் பிறகும் நிற்கும் என்னும் உறுதியிலேயே கூட்டுறவு நிற்கிறது. யந்திரங்கள் வரும், போகும். அந்தக் கணக்கு போகாமல் பார்த்துக்கொள்வது நம் அனைவருக்கும் பொதுவான கடமை.